பாவு நடை

பச்சையப்பனுக்கு நடப்பதென்றால் வெட்கம். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அவன் நடந்ததே இல்லை என்றுகூடச் சொல்லலாம். விடிந்ததும் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் இருட்டின பிறகுதான் எழுந்திருப்பான். ஆரணியில் அந்தத் தெரு முழுக்க அப்படித்தான். கடைக்குப் போகிறவன், பட்டிழையை நீட்டிப் பாவு போடுகிறவன், பாடை தூக்குகிறவன் என்று ஏதாவது காரணம் இருக்கிறவன்தான் தெருவில் நடப்பான். சும்மா கையை வீசிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருகிறவனுக்குத் தறி போயிருக்க வேண்டும், அல்லது புத்தி போயிருக்க வேண்டும்.

அவனைப் போய் தினம் நடக்கச் சொல்லிவிட்டார் வேலூர் டாக்டர்.

எண்பத்தாறாம் வருஷத்துச் சங்கதி இது. அதற்கு முந்தின வருஷமே பச்சையப்பனுக்குக் கால் வீங்க ஆரம்பித்துவிட்டது. வேறு ஊராக இருந்தால் யாராவது பயந்திருப்பார்கள். நெசவுக்காரத் தெருவில் கால் வீங்காதவன் யார்? நாளெல்லாம் குழிக்குள் காலைத் தொங்கப் போட்டால் வீங்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் பெண்சாதி பொன்னம்மாள் ராத்திரியில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். வீக்கம் முகத்துக்கு ஏறி, வாயில் வைத்த சோறெல்லாம் வாந்தியாக வந்தபோதுதான் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை முதல் பஸ்ஸில் வேலூர். இடது கை நரம்பில் ஊசி குத்தி, ரத்தத்தை மெஷினுக்குள் விட்டுக் கழுவித் திருப்பி ஏற்றுவார்கள். இருந்த இரண்டு தறியில் ஒன்று அதற்கே போய்விட்டது.

தேசூரிலிருந்து அக்காள் விருத்தாம்பாள் வந்து இறங்கியது அப்போதுதான். புருஷன் செத்து, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு ஒண்டியாக இருந்தவள். "ஒடம்பொறப்பு யாராச்சும் ஒரு கிட்னி குடுத்தா பொழைச்சிக்குவாராம் அண்ணி," என்று பொன்னம்மாள் இழுத்தபோது, அவள் முடிக்கக்கூட விடவில்லை. "எனக்கு ரெண்டு கீது இல்ல. ஒண்ண எடுத்துக்க சொல்லு," என்று புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரத்தம் சேர்ந்தது. டாக்டருக்கும் சந்தோஷம்தான். ஆனால் பச்சையப்பனைக் கட்டிலில் உட்காரவைத்துத் தொடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் முகம் மாறிப்போனது.

"இங்க பாருங்கம்மா. உங்க தம்பி படுத்தே கெடக்கிறாரு. சதையெல்லாம் கரைஞ்சு போச்சு. இந்த ஒடம்போட ஆபரேஷன் டேபிள்ல ஏத்தினா எழுந்திருக்க மாட்டாரு. மெஷின் போடற நாளத் தவிர மத்த நாள் பூரா நடக்கணும். ஆனி மாசத்துல பாக்கிறேன். யாரும் கையப் பிடிக்காம மாடி ஏறி என் ரூமுக்கு வரட்டும், அன்னிக்கே தேதி குடுக்கிறேன். உங்களுக்கு மீதி டெஸ்டெல்லாம் அப்ப எடுத்துக்கலாம்."

தம்பி பிழைப்பது இனி அவன் கால்களில்தான் இருக்கிறது என்று விருத்தாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குத்தான் புரியவில்லை.

"எழுந்திர்றா."

"மெஷின்லேர்ந்து எறங்கினா ஆலையில வுட்டு எடுத்த கரும்பாட்டம் கீதுக்கா. சக்கை. சக்கைய நடக்க சொன்னா எப்படி நடக்கும்?"

"அது நேத்து. இன்னிக்கி இன்னா?"

"இன்னிக்கி நேத்து களைப்பு."

"நாளைக்கி?"

"நாளான்னிக்கி மறுபடியும் வேலூரு போவணுமே, அதுக்கு தெம்பு வெச்சிக்க வாணாமா?"

பொன்னம்மாள் தறியிலிருந்தபடியே சொன்னாள்: "வுடுங்க அண்ணி. முடியலன்னு சொல்றவர போட்டு இஸ்தா பாவமா கீது."

"பாவம் பாத்து பாத்துதான் படுக்கையில போட்டு வெச்சிகினு இருக்க நீ. ரவ கஞ்சிய ஊட்டறது, கால அமுக்கறது. டேய், என் வயித்த அறுத்து உனக்கு எடுத்து குடுக்கப் போறேன். நீ கால எடுத்து வெக்க மாட்டன்ற. ஆட்டுக்கறி வாங்கறவன்கூட கடைக்கி நடந்துதான் போறான்."

பச்சையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இருமல் வரும், இருமினால் மூச்சு வாங்கும். எல்லாம் அடங்கின பிறகு மெள்ளச் சொன்னான்: "தெருவுல பாக்கறவன் இன்னா நெனப்பான்? பெண்டாட்டிய தறியில உக்கார வெச்சிட்டு ஊர் சுத்தறான்னு பேசுவான்."

"பேசறவன் கிட்னி குடுக்கறானா?"

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அவள் முன்னால் நடந்தாள், அவன் பின்னால் நடந்தான். நாலு வீடு தாண்டுவதற்குள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அவள் திரும்பிப் பார்த்து, "ஜல்தி வாடா," என்றாள். அடுத்த நாள் பிள்ளையார் கோயில் மட்டும். அதற்கடுத்த நாள் எழுந்திருக்கவே மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஒரு நாள் நடப்பதும் இரண்டு நாள் படுப்பதுமாக மாசி மாதம் முழுக்க பேஜார்தான்.

பங்குனி பிறந்ததும் என்ன ஆயிற்றோ, அவனாகவே எழுந்து சட்டையை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தான். "நீ வர வாணாம்க்கா. நானே போயிட்டு வரேன்," என்றான். போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவான். முகத்தில் ஒரு தெளிவு. விருத்தாம்பாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா பொன்னு, நான் கத்தினது வீண் போவல," என்று இரண்டு நாளைக்கு ஒரு தரம் சொல்லிக் காட்டினாள்.

அந்தப் பெருமையெல்லாம் ஒருநாள் வேலூர் பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் போய்விட்டது. பச்சையப்பனுக்கு மூச்சு முட்டியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காற்றைக் குடிக்கப் பார்த்தான். உதடு நீலம் பாரித்து, வாயில் நுரை தள்ளியது. கண்டக்டர் நல்ல மனுஷன், வழியில் எங்கேயும் நிறுத்தாமல் விடச்சொல்லி ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டார். மெஷினில் போட்டு உடம்பிலிருந்த நீரை இறக்கி, அவன் கண் திறக்க மத்தியானம் ஆயிற்று.

"எத்தனை தடவை சொன்னேன்? குடிக்கிற தண்ணி வெளியே போக வழியில்லாத உடம்பு இது," என்று டாக்டர் கத்தினார். "நுரையீரல்ல தண்ணி ஏறியிருக்கு. குடம் குடமா குடிச்சிருக்காரு."

"ஒரு செம்புதாங்க குடுக்கறது. காலையில நானே அளந்து ஊத்தி வெக்கறேன்," என்று பொன்னம்மாள் அழுதாள். அவள் சொன்னது சத்தியம். அந்தச் செம்புக்கு மேல் அவன் வீட்டில் சொட்டுகூடக் குடித்ததில்லை.

விருத்தாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் தலைமாட்டில் போய் நின்றாள்.

"யாரு வூட்ல குடிச்ச?"

கண்ணை மூடிக்கொண்டான்.

"சொல்றா. திட்ட மாட்டேன்."

"எல்லார் வூட்லயும்தான். எதுத்த வூட்டு செல்லம்மா டீ குடுத்துச்சி. பாவு போடற பலராமன் வூட்ல மோரு. நடந்துகினு போறவன வா, குந்து, இத்த குடின்னா இன்னா சொல்றது? வாணாம்னாதான் கோச்சிக்கறாங்க." கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "மெய்யாலுமே சொல்றேன்க்கா. அதுக்கோசரம்தான் நடந்தேன். நாக்கு ஒட்டிகினு கெடக்குது. தண்ணி எப்படி இருக்கும்னே மறந்து போச்சி."

திட்டமாட்டேன் என்று சொன்னதால் அவள் திட்டவில்லை. வெளியே வந்து வராந்தாச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

ஊர் திரும்பின அன்றைக்கே நடுத்தெருவில் நின்று ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தாள். எதிர்வீட்டுச் செல்லம்மாள்தான் முதலில் வாசலுக்கு வந்தவள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அர டம்ளருதான் குடுத்தேன் விருத்தா. சீக்காளி ஒருத்தன் வாசலாண்ட வந்து நிக்கறான். ஒண்ணியும் குடுக்காம எப்படி அனுப்பறது? அர டம்ளருல இன்னா ஆயிடும்னு நெனச்சேன்."

"எல்லாரும் அர டம்ளருதான் குடுத்தீங்க. இந்த தெருவுல எத்தினி வூடு கீதுன்னு நெனச்சி பாத்தீங்களா?"

கொடுத்தவர்களுக்கும் அழுகை வந்தது. யாரை என்ன சொல்ல? நோயாளியை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாதென்றுதானே எல்லோரும் வளர்ந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடை நின்றுபோயிற்று. இனித் தெருவில் இறங்கவே மாட்டேன் என்றான் பச்சையப்பன். இறங்கினால் யாரும் கூப்பிடாமலே தண்ணீருக்குக் கையேந்திவிடுவேன் என்று அவனுக்கே பயம். சித்திரை வெயில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல ஓட்டின்மேல் இறங்கியது. அவன் சுவரைப் பார்த்துக் கிடந்தான். தொடை மறுபடியும் வற்றத் தொடங்கியது. விருத்தாம்பாளுக்கும் அந்தக் கோடையில் தாகம் என்றால் அப்படியொரு தாகம். அவன் கண்ணில் படக்கூடாதென்று கொல்லைக் கிணற்றடிக்குப் போய்ச் செம்பு செம்பாகக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திருடி மாதிரி உள்ளே வருவாள். குடித்து ஒரு நாழிகை ஆவதற்குள் மறுபடி நாக்கு வறளும். தம்பி தண்ணீருக்குச் சாகும்போது எனக்கென்ன இப்படியொரு கேடுகெட்ட வயிறு என்று தன்னைத்தானே வைதுகொள்வாள்.

ஒருநாள் விடியற்காலையில் வாசல் தெளிக்க வந்தவள், பலராமன் பாவு போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஒரு புடவை பாக்கியில்லாமல் அந்தத் தெருவில் நெய்கிற எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம். நெடுக்குப் பட்டிழைகளை மொத்தமாகக் கொண்டுவந்து, தெருவின் இந்தக் கோடியில் ஒரு முளை, அந்தக் கோடியில் ஒரு முளை அடித்து இழுத்துக் கட்டுவார்கள். மேலே அரிசிக் கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்துக் காயவைக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் தறியில் ஏறினதும் அத்தனையும் அறுந்துபோகும். அதனால் பாவோடு நடக்கிறவனை யாரும் கூப்பிடமாட்டார்கள். எமன் வந்தாலும் ஓரமாக நிற்கத்தான் வேண்டும். அவனும் பாவைச் சுருட்டும் வரை வாயில் எதையும் வைக்கமாட்டான். கல்யாணப் பட்டை எச்சில் கையால் தொடக்கூடாது என்பது அந்தத் தெருவில் எழுதாத சட்டம்.

விருத்தாம்பாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"பலராமா, அறுந்த இழைய பாத்து முடிச்சி போடறதுக்கு ஆளு வெச்சிருக்கியா?"

"நானேதான் பாத்துக்கறேன். ஏன்?"

"எந்தம்பிய வெச்சிக்க. கூலி வாணாம்."

பலராமன் தலையைச் சொறிந்தான். "அவன் கை நடுங்குதே. பட்டாச்சே இது."

"முடிச்சி வுழுவலன்னா நான் போடறேன். அறுந்தது எங்க கீதுன்னு பாக்கறதுக்கு கண்ணு போதும். அவன் கண்ணு இன்னும் கெடல."

பலராமன் வீட்டு மோரும் அந்தப் பஸ்ஸில் நுரையாக வந்ததுதானே. அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

நடக்க வா என்றால் அசையாதவன், பாவுக்கு ஆள் வேண்டுமாம் என்றதும் எழுந்து உட்கார்ந்தான். "மெய்யாலுமே கூப்பிட்டானா?" என்று இரண்டு தரம் கேட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினபோது முகமே வேறு. இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் விருத்தாம்பாள். கோடி வரை போய்த் திரும்ப வேண்டும், மறுபடியும் போக வேண்டும். கண் இழைமேல் இருந்ததால் கால் போனது அவனுக்கே தெரியவில்லை. வழக்கம்போல அவள்தான் நாலு எட்டு முன்னால். "ஜல்தி வாடா, வெயில் வருது," என்று திரும்பித் திரும்பி விரட்டினாள். செல்லம்மாள் தன் வாசலில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் கொண்டுவரவில்லை. அவன் தாண்டிப் போனதும் உள்ளே போய்விட்டாள்.

அடுத்தடுத்து மற்ற பாவுக்காரர்களும் சொல்லியனுப்பினார்கள். பச்சையப்பனுக்கு ஒரு நாளும் நடை தவறக்கூடாதென்று தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு பாவு போட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கை நடுக்கம் குறைந்தது. ராத்திரி தூக்கம் வந்தது. வைகாசிக் கடைசியில் ஒருநாள், "அக்கா, பசிக்குது," என்றான். பொன்னம்மாள் தறியை விட்டு இறங்கி ஓடிவந்து சோறு போட்டாள்.

பாவு முளையில் விருத்தாம்பாள் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டதும் அந்தச் சமயத்தில்தான். வலியே தெரியவில்லை. கஞ்சிக்குப் பக்கத்தில் ரத்தம் சொட்டியிருப்பதைப் பச்சையப்பன்தான் பார்த்துச் சொன்னான். மஞ்சளைக் குழைத்துப் பூசித் துணி சுற்றிக்கொண்டாள். ஆனி வரைக்கும் அந்தப் புண் ஆறவில்லை. "தினம் நடக்கற கால், எங்க ஆறும்," என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஆனி மாதம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் பச்சையப்பன் யார் கையையும் பிடிக்காமல் ஏறினான். நடுவில் ஒரு தரம் நின்றான். பொன்னம்மாள் கையை நீட்டப் போனாள். விருத்தாம்பாள் அவள் கையைத் தட்டிவிட்டாள். மேலே போய்ச் சேர்ந்து, டாக்டர் ரூமின் கதவைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனான். டாக்டர் எழுந்து நின்றே விட்டார். "பரவாயில்லையே. என்ன பண்ணீங்க?" என்றார்.

"பாவு நடந்தேங்க," என்றான். அவருக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, தேதி கொடுத்தால் போதும் என்று விருத்தாம்பாள் நினைத்தாள். மீதி டெஸ்டுகளுக்கு அவளை அன்றே ஆஸ்பத்திரியில் நிறுத்திக்கொண்டார்கள். மற்ற இருவரும் அங்கேயே தங்கினார்கள்.

மூன்றாம் நாள் அவளைத் தனியாகத்தான் கூப்பிட்டார் டாக்டர். கால் விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். தாகம் அதிகமா, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்களுக்குச் சர்க்கரை வியாதிம்மா. ரொம்ப நாளா இருந்திருக்கு. அது உங்க கிட்னியையே தொட்டுடுச்சு. உங்ககிட்டேர்ந்து எடுக்க முடியாது. எடுத்தா உங்களுக்கும் நிக்காது, அவருக்கும் நிக்காது."

"எனக்கு நிக்காட்டி போவட்டுங்க. எடுத்து அவனுக்கு வைங்க."

"அவருக்கும் உதவாதும்மா. அதைத்தான் சொல்றேன்."

வேறு உடன்பிறப்பு கிடையாது. பொன்னம்மாள் ரத்தம் முதலிலேயே சேரவில்லை. டாக்டர் பொன்னம்மாளையும் உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, இனி விருத்தாம்பாளும் தினம் நடக்க வேண்டும், விட்டால் கால் போய்விடும் என்று என்னென்னவோ சொன்னார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். மீதமிருக்கிற ஒற்றைத் தறி எத்தனை நாளைக்கு மெஷினுக்குக் காணும் என்று பொன்னம்மாளுக்கு மனசு அடித்துக்கொண்டது. பச்சையப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தான். ஆரணி நெருங்கும்போது, "போவட்டும் வுடுக்கா," என்றான்.

மறுநாள் விடியலில் விருத்தாம்பாள் எழுந்திருக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முழித்துக்கொண்டுதான் இருந்தாள். வெளியே முளை அடிக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா."

அவள் திரும்பவில்லை.

"எழுந்திருக்கா. பலராமன் பாவு கொண்டாந்துட்டான்."

"நீ போ."

"நீயும் வா. டாக்டர் உன்ன நடக்க சொன்னாராமே. பொன்னு சொல்லிச்சி."

"யாருக்கோசரம்டா நடக்கறது? உனக்கு குடுக்கறதுக்குன்னுதான் இந்த ஒடம்ப தூக்கிகினு தேசூர்லேர்ந்து வந்தேன். அதுக்கே ஒதவல. இத்த நடக்க வெச்சி இன்னா பண்ண?"

பச்சையப்பன் அவள் தலைமாட்டில் மெள்ள உட்கார்ந்தான். உட்கார்ந்ததற்கே மூச்சு வாங்கியது. அடங்கும் வரை இருந்துவிட்டுச் சொன்னான்:

"என்னால ரொம்ப நேரம் கெஞ்ச முடியாதுக்கா. நீ கத்தினாப்ல கத்தவும் முடியாது. மாசியிலேர்ந்து நீ என்ன எழுப்பின. உன்ன யாரு எழுப்புவா? தேசூருக்கு போனா ஒண்டி ஆளு. கால் அழுவிப் போனாகூட பக்கத்து வூட்டுக்கு தெரியாது. நான் உசுரோட கீறப்பவே பழகிக்க. அப்பால உன்ன இஸ்துகினு போவ நான் இருக்க மாட்டேன்."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அழுகை வந்ததை அடக்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அவளே எழுந்து விரல் துணியை அவிழ்த்து, புது மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

தெருவில் பாவை இழுத்துக் கட்டியாயிற்று. கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது. செல்லம்மாள் வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கு அதற்குள் சங்கதி தெரிந்துவிட்டது போலிருக்கிறது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். விருத்தாம்பாள் தன் பக்கத்துக்குப் போய் நின்றாள். அந்தப் பக்கத்தில் பச்சையப்பன் இழைமேல் கண்ணை வைத்தபடி நடக்க ஆரம்பித்தான். நாலு எட்டு போய்த் திரும்பிப் பார்த்தான்.

"ஜல்தி வாக்கா. வெயில் வருது," என்றான்.

அவள் பின்னால் நடந்தாள்.